எழுத ஒன்றுமில்லாத நாளின் கணக்கு

ஏட்டுக்காரன் எழுதியது:

வணக்கம். கணக்குத் தணிக்கையில் 16 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை நடந்து, ஆறு மாதங்களுக்கு வேலைக்குப் போகக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், மூன்றாவது மாதமாக வீட்டில் இருக்கிறேன். விடுப்புக்கால ஊதியம் வந்துகொண்டிருக்கிறது. வீட்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை. வலியும் தாங்கக்கூடிய அளவில்தான் இருக்கிறது. ஆகவே என்னை வாட்டுவது பணமோ உடம்போ அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு நெடுநாள் பழக்கம் ஒன்று உண்டு. வேலையில் சேர்ந்த நாள் முதல், படுக்கப் போகுமுன் அன்று முடித்த வேலைகளை ஒரு குறிப்பேட்டில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு டிக் போடுவேன். பன்னிரண்டு டிக் விழுந்த நாளில் தலையணையில் தலை வைத்ததும் உறக்கம் வரும். நான்கே விழுந்த நாளில் விடியும்வரை புரண்டுகொண்டிருப்பேன். சிகிச்சைக்குப் பிறகும் அந்த ஏட்டை என்னால் விட முடியவில்லை. எழுத ஒன்றும் அகப்படாததால் துணி மடித்ததையும், வேளை தவறாமல் மாத்திரை விழுங்கியதையும் எழுதத் தொடங்கினேன். சென்ற வாரம் ஒரு நாள், ‘பிற்பகலில் இரண்டு மணி நேரம் ஓய்வெடுத்தேன்’ என்று எழுதி, அதற்கும் ஒரு டிக் போட்டுவிட்டுப் பேனாவை மூடும்போதுதான், நான் செய்த காரியம் எனக்கே உறைத்தது.

‘உன் மதிப்பு உன் வேலையில் இல்லை’ என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால், தணிக்கைக்காரனின் புத்தி அதோடு விடுவதில்லை. வேலையில் இல்லையென்றால் வேறு எதில் இருக்கிறது, அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறது. மதிப்பு, மதிப்பீடு, மதிப்பெண் மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்களாக இருக்க, எண்ணாமலும் எடைபோடாமலும் ஒரு மதிப்பு இருக்க முடியுமா என்பது எனக்கு விளங்கவில்லை. இன்னோர் ஐயமும் உண்டு. அதைச் சொல்லச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது. உழைக்க முடியாத நிலை வந்ததும் உழைப்பு பெரிதில்லை என்று பேசத் தொடங்குவது, ‘சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்’ என்ற கதையாகிவிடாதா?

அழைத்துப் பேசுபவர்கள் எல்லோரும் ‘இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறாய்?’ என்றுதான் தொடங்குகிறார்கள். ‘சும்மாதான் இருக்கிறேன்’ என்று சொல்லும்போது என் குரல் தானாகவே தாழ்வது எனக்குக் கேட்கிறது. யாரும் குற்றம் சாட்டாதபோதே நான் ஏன் இப்படி வாக்குமூலம் கொடுப்பவன்போல் பேசுகிறேன்? இதைக் கடந்து வந்தவர்கள் யாரேனும் இருந்தால், ஆறுதலுக்காக இல்லாமல், தாங்கள் உண்மையில் எந்த முடிவுக்கு வந்தீர்கள் என்பதை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.


மூன்றாம்படி எழுதியது:

நண்பர் ஏட்டுக்காரன் அவர்களுக்கு வணக்கம். நான் உளவியல் கற்பிப்பவன். கற்பிப்பவனுக்கு இந்த நோய் இராது என்று நினைத்துவிட வேண்டாம். தேர்வுத்தாள் திருத்தி முடிக்காத இரவுகளில் நானும் உங்களைப்போல் புரண்டவன்தான்.

ஒருவருடைய தன்மதிப்பு உயர்ந்ததா தாழ்ந்ததா என்று அளப்பதைவிட, அது எதன்மேல் பணயமாக வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்பது பயனுள்ளது என்பது உளவியலாளர்கள் ஜெனிஃபர் க்ராக்கர், கானி வுல்ஃப் ஆகிய இருவரும் 2001-இல் முன்வைத்த கருத்து. படிப்பில் தேர்ச்சி, பிறர் ஒப்புதல், தோற்றம், போட்டியில் வெற்றி, குடும்பத்தின் அன்பு, ஒழுக்கம், இறைவனின் அன்பு என்று மாணவர்கள் தங்கள் மதிப்பைக் கட்டி வைத்திருந்த ஏழு முளைகளைப் பின்வந்த ஆய்வில் க்ராக்கரும் வேறு சில ஆய்வாளர்களும் பிரித்துக் காட்டினார்கள். மேற்படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டுக் கடிதத்துக்காகக் காத்திருந்த மாணவர்களைக் க்ராக்கரும் உடன் ஆய்வாளர்களும் தொடர்ந்து கவனித்து 2002-இல் எழுதியது எனக்கு மிகவும் பிடித்தமானது. இடம் கிடைத்த நாளில் தன்மதிப்பு ஏறுவதும் மறுக்கப்பட்ட நாளில் இறங்குவதும் எல்லோருக்கும் இயல்பு. ஆனால், தங்கள் மதிப்பைப் படிப்பின்மேல் பணயம் வைத்தவர்களுக்கு அந்த ஏற்ற இறக்கம் மற்றவர்களைவிடக் கடுமையாக இருந்தது. பணயம் வைத்தவன் வெற்றியில் அடைவது பெரும்பாலும் நிம்மதிதான். மகிழ்ச்சி என்று அதைச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. பன்னிரண்டு டிக் விழுந்த நாளில் உங்களுக்கு வந்ததும் உறக்கம்தானே தவிர, கொண்டாட்டம் என்று நீங்கள் எழுதவில்லை.

உங்கள் தொழிலின் மொழியிலேயே ஒன்று சொல்லிப் பார்க்கிறேன். முந்தைய பக்கத்தின் இருப்பை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுவராமல் ஒரு நிறுவனம் பேரேடு எழுதினால் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களா? உங்கள் ஏட்டில் முன்னிருப்பு என்பதே கிடையாது. 16 ஆண்டுகளாகப் போட்ட டிக் அத்தனையும் அந்தந்த இரவோடு தீர்ந்துபோய், மறுநாள் காலையில் நீங்கள் மறுபடியும் சுழியத்திலிருந்து தொடங்குகிறீர்கள். நேற்று எவ்வளவு செய்திருந்தாலும் இன்று மீண்டும் நிரூபிக்க வேண்டியிருக்கிறது என்றால், அந்த ஏடு எதையும் சேமித்து வைக்கவில்லை. அன்றைய நாளுக்கு வாடகை வாங்கிக்கொண்டிருக்கிறது.

இது எங்கே தொடங்குகிறது என்பதற்கு உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1959-இல் ஒரு விளக்கம் கொடுத்தார். குழந்தை எதைச் செய்தால் பெரியவர்களின் அன்பு வருகிறது, எதைச் செய்தால் அது விலகுகிறது என்று கவனித்துக் கவனித்து, காலப்போக்கில் அந்த நிபந்தனைகளைத் தன்னுடையவையாகவே உள்ளே எடுத்துக்கொள்கிறது என்பது அவர் கருத்து. வளர்ந்த பின், வெளியே யாரும் கேட்காதபோதும் உள்ளே ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். குற்றம் சாட்டாதவர்களிடமும் நீங்கள் வாக்குமூலம் கொடுப்பதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

ஏட்டை விட்டால் சோம்பிப்போவோம் என்ற அச்சமும் உங்களுக்கு இருக்கலாம். அதற்கும் ஓர் ஆய்வு உண்டு. ஜூலியானா ப்ரைன்ஸ், செரீனா சென் இருவரும் 2012-இல் வெளியிட்ட சோதனைகளுள் ஒன்றில், கடினமான சொற்றேர்வில் தோற்றவர்களுள் தங்களைக் கனிவோடு பார்க்கத் தூண்டப்பட்டவர்கள், அடுத்த தேர்வுக்காக மற்றவர்களைவிட அதிக நேரம் படித்தார்கள். தன்னைத் திட்டிக்கொள்வதை நிறுத்தினால் கை ஓய்ந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இது எதிரான சான்று. ஆயினும், இதை எழுதும்போதே எனக்கு ஒரு நெருடல். ‘கனிவாக இரு, அப்போது இன்னும் நிறைய வேலை செய்வாய்’ என்று சொன்னால், கனிவையும் வேலைக்கே கூலியாளாக அமர்த்திவிட்டேன் என்றுதான் பொருள். ஓய்வுக்கு நீங்கள் போட்ட டிக்குக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. எனவே இந்த ஆய்வை உங்கள் அச்சத்துக்கு மருந்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கேள்விக்கு விடையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.


அச்சுக்கோத்தவன் எழுதியது:

மேலே எழுதியிருப்பவர் படித்தவர். அவர் சொல்வதை மறுக்க எனக்குத் தகுதியில்லை. ஆனால், இந்தப் பேச்சு போகும் திசையில் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. உழைப்பை ஏதோ பிடித்த பேய்போலப் பேசுகிறோம். 27 ஆண்டுகள் நான் இருந்த அச்சகம் ஒரு மாத அறிவிப்பில் மூடப்பட்டு, 54 வயதில் ஒன்றரை ஆண்டு வேலையில்லாமல் இருந்தவன் நான். ‘உன் மதிப்பு வேலையில் இல்லை’ என்று அப்போது எனக்குச் சொன்னவர்கள் எல்லோருக்கும் வேலை இருந்தது.

இந்த இடத்தில் மரியந்தால் என்ற ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே உள்ள அந்தச் சிற்றூர் முழுவதும் ஒரே நெசவாலையை நம்பி இருந்தது. 1930-ஐ ஒட்டி அது மூடப்பட்டதும் ஏறக்குறைய ஊரே வேலையிழந்தது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகிய மூவரும் உடன் ஆய்வாளர்களும் அங்கே செய்த ஆய்வு 1933-இல் வெளிவந்தது. வேலை போனால் நேரம் கிடைக்கும், நேரம் கிடைத்தால் மனிதன் படிப்பான், பேசுவான், கூடுவான் என்று நாம் நினைக்கிறோம். அங்கே நடந்தது தலைகீழ். நூலகத்தில் புத்தகம் எடுப்பது இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆய்வாளர்கள் சாளரத்தருகே அமர்ந்து தெருவில் நடப்பவர்களைக் கவனித்தபோது, ஆண்கள் சில அடி நடப்பதும் நிற்பதுமாக இருந்தார்கள். வீட்டுவேலை தீராத பெண்கள் மட்டும் நிற்காமல் நடந்தார்கள். பெரும்பாலான ஆண்கள் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டார்கள். ஒரு நாள் முழுவதும் என்ன செய்தீர்கள் என்று மணிவாரியாக எழுதச் சொன்னபோது, ஒருவர் காலைப் பொழுதில் ஒரு கட்டத்துக்கு எதிரே, இதற்குள் நண்பகல் ஆகிவிடுகிறது என்று எழுதி வைத்தார். அந்த வரியைப் படித்தபோது, என்னைத்தான் யாரோ சாளரத்திலிருந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றியது.

வேலை ஊதியத்தோடு சேர்த்து வேறு ஐந்து பொருள்களையும் கொடுக்கிறது என்று யஹோடா பிற்காலத்தில் வகுத்தார்: நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், பலர் சேர்ந்து ஒன்றைச் செய்கிறோம் என்ற உணர்வு, சமூகத்தில் ஓர் இடம், சும்மா இருக்க விடாத செயல். ஏட்டுக்காரன் ஐயா, உங்கள் உறக்கம் கெடுவது மதிப்புக் குறைந்ததால்தான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்? இந்த ஐந்தும் ஒரே நாளில் கைவிட்டுப் போனதால் வந்த பசியாகவும் இருக்கலாம் அல்லவா? பசிக்கிறவனிடம் போய் உன் தகுதிக்கு ஒரு குறையும் இல்லை என்று சொன்னால் அவனுக்கு என்ன கிடைக்கும்? எனக்கு மாற்றம் வந்தது தத்துவத்தால் அன்று. தினமும் ஒரே நேரத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பியதாலும், ஒரு நூலகத்தில் முதுகு பிய்ந்த புத்தகங்களைத் தைத்துக் கொடுக்க உட்கார்ந்ததாலும் வந்தது. கூலி கிடையாது. எத்தனை தைத்தேன் என்று எண்ணவும் இல்லை.

ஒரு சின்னச் செய்தி. அச்சகம் மூடி எத்தனையோ காலம் ஆகியும், கையில் எந்தத் தாளைக் கொடுத்தாலும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்குமுன் அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பேன், வெட்டு நேராக விழுந்திருக்கிறதா என்று. மின்கட்டண ரசீதைக் கூட விடுவதில்லை. அந்த விரலுக்கு இன்று சந்தையில் விலை இல்லை. ஆனால், அது தெரிந்துவைத்திருப்பது தெரிந்ததுதானே. அதைப் பிடுங்கிக்கொள்ள எந்த மூடல் அறிவிப்பாலும் முடியவில்லை. உழைப்பு நமக்குள் எதையோ விட்டுச் செல்கிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன், அதைப் பழிக்காதீர்கள்.


இரவுப்பணி எழுதியது:

சுருக்கமாக ஒன்று. தான் எதற்கும் பயனற்றவன் என்ற எண்ணமும், உறக்கக் குலைவும், எதிலும் நாட்டமின்மையும் சேர்ந்து இரண்டு வாரங்களுக்கு மேல் நாள் முழுவதும் நீடித்தால், அது வாழ்க்கைக் கேள்வி என்பதைத் தாண்டி மனச்சோர்வு நோயின் அறிகுறியாக இருக்கக்கூடும். பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவ்வாறு நேர்வது அரிதன்று. சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் முதுகைப் பற்றிப் பேசும்போது இதையும் ஒரு வரி சொல்லிவிடுங்கள். அதன் பிறகு இங்கே விவாதத்தைத் தாராளமாகத் தொடரலாம்.


ஏட்டுக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மருத்துவரிடம் சொல்லிவிட்டேன், சில கேள்விகள் கேட்டுவிட்டு, இப்போதைக்குக் கவலைப்பட ஒன்றுமில்லை, அடுத்த மாதம் மீண்டும் பார்ப்போம் என்றார். முன்னிருப்பு இல்லாத பேரேடு என்ற சொல் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. பழைய காரணத்தால் அன்று, வியப்பால். அச்சுக்கோத்தவன் ஐயா சொன்ன பசியும் உண்மைதான். நாளை முதல் காலை ஆறரை மணிக்கு நடக்கப் போகிறேன்.

இருந்தாலும், எனக்கு இன்னும் அடியில் ஒன்று உறுத்துகிறது. ஐயாவுக்குத் தைக்கக் கை இருந்தது. எனக்கு நடக்கக் காலாவது இருக்கிறது. நாளைக்கு இதுவும் இல்லாமற்போய், ஒன்றுமே செய்ய இயலாதவனாகப் படுத்துவிட்டால், அப்போது மிஞ்சுவது என்ன? ஏதேனும் மிஞ்சும் என்று என்னால் நேர்மையாகச் சொல்ல முடிந்தால்தான், இப்போது இருப்பதும் உண்மையான இருப்பு என்று ஒத்துக்கொள்வேன்.


கீழ்வானம் எழுதியது:

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் என்று சொன்னால் தவறாக நினைக்காதீர்கள். என் அம்மாவுக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சு போய், ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. நாற்பது ஆண்டுகள் தையல் தைத்து எங்களை ஆளாக்கியவர். இப்போது தலை வாரிக்கொள்ளவும் இன்னொருவர் கை வேண்டும். நீங்கள் கற்பனை செய்து அஞ்சுகிற அந்த நாள், எங்கள் வீட்டில் தினமும் விடிகிறது.

பார்க்க வருபவர்கள் கதவுக்கு வெளியே வந்ததும் குரலைத் தாழ்த்தி, ‘பாவம், யாருக்கும் பயனில்லாமல் இப்படி ஆகிவிட்டதே’ என்பார்கள். தீய எண்ணத்தில் சொல்வதில்லை என்பது தெரியும். ஆனால், ஏட்டுக்காரன் அவர்களே, நீங்கள் ஒவ்வோர் இரவும் உங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வதும் அதே வாக்கியம்தான். அவர்கள் கதவுக்கு வெளியே சொல்கிறார்கள், நீங்கள் உள்ளே சொல்லிக்கொள்கிறீர்கள். மனிதனின் மதிப்பு அவன் முடித்த வேலையில் இருக்கிறது என்பது உண்மையானால் அது எல்லோருக்கும் உண்மையாக இருக்க வேண்டும். அப்படியானால் என் அம்மாவின் கட்டிலருகே வந்து நின்று, அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல உங்களால் முடியுமா? முடியாது என்றே நம்புகிறேன். அவரிடம் சொல்ல முடியாத ஒன்றை உங்களிடம் மட்டும் எந்த நியாயத்தில் சொல்லிக்கொள்கிறீர்கள்? தனக்கு மட்டும் தனிச்சட்டம் வைத்துக்கொள்வது பணிவுபோலத் தோன்றும். உற்றுப் பார்த்தால், மற்றவர்களெல்லாம் இருந்தாலே போதும், நான் மட்டும் சாதித்தாக வேண்டும் என்கிற ஒருவகை மிடுக்கும் அதில் ஒளிந்திருக்கிறது. கடுமையாக எழுதுகிறேன் என்றால் மன்னியுங்கள்; எனக்கும் அந்த மிடுக்கு இருந்ததால்தான் தெரிகிறது.

ஆதாரம் கேட்டிருந்தீர்கள். ஜெர்மன் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட் 1785-இல் செய்த ஒரு பாகுபாடு எனக்குக் கைகொடுத்தது. ஒரு பொருளுக்கு ஈடாக இன்னொன்றை வைக்க முடியுமானால் அதற்கு விலை உண்டு. எந்த ஈடும் வைக்க முடியாதது எதுவோ, விலைகளுக்கு மேலே நிற்பது எதுவோ, அதற்கு இருப்பது மாண்பு என்றார். ஏன் மனிதருக்கு மாண்பு என்பதற்கு அவர் சொன்ன காரணம் அறிவையும் அறத்தையும் பற்றியது. அது என் அம்மாவின் இன்றைய நிலைக்கு எவ்வளவு பொருந்தும் என்று அறிஞர்கள் வாதிடட்டும். எனக்குத் தேவைப்பட்டது அந்த ஈடு என்ற சொல். அம்மாவின் தையலுக்கு ஈடு உண்டு. அவரைவிட நன்றாகத் தைப்பவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். அம்மாவுக்கு ஈடு இல்லை. மதிப்பு, மதிப்பெண் எல்லாம் ஒரே வேர் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் தேடுவது மாண்பு; தேடுகிற இடமோ மதிப்பீடு. தராசின் தட்டில் ஏறாததை அதன் எடை சுழியம் என்று எழுதிவிடுவது எந்தத் தணிக்கையிலும் பிழைதான்.

பிற்பகலில் அம்மாவின் மடியில் ஒரு துணியை விரித்து வைப்பேன். இடக்கையால் அதன் சுருக்கத்தை ஓரத்திலிருந்து நடுவுக்கு மெல்ல மெல்ல நீவிக்கொண்டே இருப்பார். துணியைக் குறுக்காக இழுக்க மாட்டார். இழையோட்டம் எந்தப் பக்கம் என்று விரலுக்குத் தெரிகிறது. பார்த்தீர்களா, அம்மா இன்னும் வேலை செய்கிறார் என்று வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அதையும் நிறுத்திக்கொண்டேன். அம்மாவுக்கும் டிக் போட்டுக் காட்டித்தான் அவர் இருப்பதை நியாயப்படுத்த வேண்டியிருக்கிறதா என்று தோன்றிவிட்டது. அவர் நீவினாலும் நீவாமல் உறங்கிப்போனாலும் அது அம்மாவின் பிற்பகல்.

என்னைப் பற்றியும் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். வேலையை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்தபோது, பதவியால் கிடைத்த மதிப்பை விட்டுவிட்டேன் என்று நினைத்தேன். உண்மையில், அந்த இடத்தில் தியாகத்தை வைத்துக்கொண்டேன். எத்தனை இரவு கண் விழித்தேன், எத்தனை விசேஷங்களுக்குப் போகாமல் இருந்தேன் என்று மனத்துக்குள் ஓர் ஏடு நீண்டுகொண்டே போயிற்று. உதவிக்கு ஆள் கிடைத்தபோது முதலில் எனக்கு வந்தது கோபம். என் டிக்கை இன்னொருவர் போட வந்துவிட்டார் என்ற கோபம். எதை விட்டு எதைப் பிடித்தாலும் ஏடு தொடர்ந்து வரும் என்பதை அன்றுதான் கண்டுகொண்டேன். இன்னும் முழுதாக விட்டபாடில்லை.


வெறுங்கை எழுதியது:

பிறர் எதிர்பார்ப்பைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை என்பதால் சொல்கிறேன். எல்லா எதிர்பார்ப்பையும் உதறிவிட வேண்டும் என்ற அறிவுரை எனக்கு ஒவ்வாது. பள்ளி வாசலில் நிற்கும் குழந்தை நம்மை எதிர்பார்க்கிறது, அது சுமையா? நாம் தவறினால் உண்மையிலேயே ஒன்றை இழக்கப்போகிறவரின் எதிர்பார்ப்பு உறவின் ஒரு பகுதி. நம்மை வரிசையில் எந்த எண்ணில் நிறுத்துவது என்று தெரிந்துகொள்ளக் கேட்பவரின் எதிர்பார்ப்பு வேறு வகை; நாம் பதில் சொல்லாவிட்டால் அவருக்கு நட்டம் ஒன்றுமில்லை. தொல்லை என்னவென்றால், இரண்டாம் வகையினரின் குரல்தான் உரக்கக் கேட்கும்.

அந்த வரிசை எண்ணும் புத்தி எங்கிருந்து வந்தது என்று தேடினால் நிறுத்துக் கடிகாரத்தோடு தொழிற்சாலைக்குள் நுழைந்த அமெரிக்கப் பொறியாளர் ஃப்ரெட்ரிக் டெய்லர் நினைவுக்கு வருகிறார். 1911-இல் வெளியிட்ட நூலில், இரும்புக் கட்டிகளைச் சுமந்து ஏற்றும் ஒரு தொழிலாளியை நாளொன்றுக்கு 12.5 டன்னிலிருந்து 47.5 டன்னுக்கு உயர்த்தியதாக அவரே பெருமையோடு எழுதினார். அந்தக் கணக்கை ஐயுறும் வரலாற்றாசிரியர்கள் உண்டு, அது இருக்கட்டும். டன் என்பது இரும்புக்கான அளவு. சுமந்தவன் வீட்டுக்குப் போன பின்னும் அதே அளவு அவனோடு போய்ப் படுத்துக்கொண்டதுதான் விபரீதம். பண்டைய கிரேக்கர்களின் மொழியில் ஓய்வுக்கு ஸ்கோலே என்று பெயர். அலுவலுக்கு அஸ்கோலியா, அதாவது ஓய்வின்மை. அவர்களுக்கு ஓய்வே முதற்சொல்லாக இருந்தது, வேலை அதன் எதிர்மறை. (அந்த ஓய்வைத் தாங்கி நின்றவர்கள் அடிமைகள் என்பதையும் மறைக்கக் கூடாது.) நம்மிடம் ‘சும்மா’ என்ற சொல் இருக்கிறது. வேலையற்றவனை ஏச அதுதான், ஞானியை வாழ்த்தவும் அதுதான். குரலைத் தாழ்த்தாமல் ஒருமுறை சொல்லிப் பாருங்களேன்.


ஏட்டுக்காரன் எழுதியது:

கீழ்வானம் அவர்களின் மடலைப் படித்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தேன். கட்டிலருகே நின்று சொல்ல முடியுமா என்ற கேள்விக்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. முடியாது. அதிலிருந்து எனக்கும் அது பொருந்தாது என்ற முடிவு தர்க்கப்படி வந்தே தீர வேண்டும். அறிவு கையெழுத்துப் போட்டுவிட்டது, வயிற்றில் இருக்கும் கனம் இன்னும் போடவில்லை.

முந்தாநாள் பழைய ஏடுகளை இறக்கிப் பார்த்தேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பக்கத்தில் பதினோரு டிக் இருந்தது. அவற்றுள் ஒன்றுகூட எதைப் பற்றியது என்று எனக்கு விளங்கவில்லை; சுருக்கெழுத்துகளைத் திறக்கும் சாவியையே தொலைத்துவிட்டேன். நேற்று இரவு தேதியை மட்டும் எழுதிவிட்டு மூடினேன். உறக்கம் வர ஒரு மணி ஆயிற்று. மாலையில் அழைத்த சித்தப்பாவிடம் ‘சும்மாதான் இருக்கிறேன்’ என்றேன். குரல் கொஞ்சம் தாழத்தான் செய்தது. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை, தம் மூட்டுவலியைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

கீழ்வானம் அவர்களே, உங்களிடம் ஒன்று கேட்கலாமா? அம்மாவிடம் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அது எந்தச் சொல்?


கீழ்வானம் எழுதியது:

‘வா’ என்பதுதான். யார் வந்தாலும் ‘வா’ என்பார். புறப்பட்டுப் போகிறவர்களிடமும் அதைத்தான் சொல்வார்.